வலைப்பதிவு ஓடுகிறது, பயிற்சிக்கு ஆள் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தனிப் பயிற்சி நடத்தும் தமிழர்கள் இப்போது பல துறைகளில் இருக்கிறார்கள். மேடைப் பேச்சு, நேர்முகத் தேர்வு, சிறுதொழில் கணக்கு, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டல் என்று ஆளுக்கொன்று. பலரிடம் வலைப்பதிவும் உண்டு. அதைப் பார்த்து ஆள் வரவில்லை என்றதும் அவர்கள் செய்யும் முதல் காரியம் இன்னும் நான்கு கட்டுரை எழுதுவது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு இத்தகைய தளங்களைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. நான் முதலில் சொல்வது, எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்பதுதான். வாசகர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார் என்று தெரியாதவரை, புதிய கட்டுரைக்கு வருகிறவரும் அதே இடத்தில்தான் நிற்கப்போகிறார்.

அவர் நிற்கக்கூடிய இடங்கள் நான்கு. தேடலில் உங்கள் தளம் அவர் கண்ணில் படாமல் போகலாம். பட்டும் உள்ளே வராமல் போகலாம். படித்தும் தொடர்புகொள்ளாமல் இருக்கலாம். பேசியபின் பணம் கட்டாமல் நழுவலாம். முதல் இரண்டையும் கூகுள் சர்ச் கன்சோல் காட்டும். கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி அது; இலவசம், கடந்த 16 மாதத் தரவை வைத்திருக்கும். ஆனால் தளத்தை அதில் சேர்த்த பிறகுதான் தரவு சேரத் தொடங்கும் என்பதால், சேர்க்காதவர்கள் இன்றே சேர்த்துவிடுங்கள். பின் இரண்டுக்கும் உங்கள் கைப்பேசியில் உள்ள புலன (வாட்ஸ்அப்) உரையாடல்களே சாட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடுங்கள்.

“தேடினால் என் தளமே வரவில்லை”

உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். பக்கங்கள் வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரிந்திருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போகலாம்.

ஒன்றுமே வரவில்லை என்றால், வேர்ட்பிரஸ் தளமாக இருக்கும் பட்சத்தில் அமைப்புகளில் ‘ரீடிங்’ பக்கத்தைத் திறவுங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாமலிருக்க அதைத் தேர்வு செய்து வைப்பது வழக்கம். தளத்தை ஒப்படைக்கும்போது அதை எடுத்துவிட மறப்பதும் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. எடுத்துவிட்டு, சர்ச் கன்சோலில் தளவரைபடத்தை (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

தளம் இருக்கிறது, கட்டுரையின் வரிகளை மட்டும் தேடினால் கிடைக்கவில்லை என்றால் இரண்டு காரணங்களைச் சந்தேகியுங்கள். ஒன்று, நீங்கள் எழுதியது எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. புலனக் குழுக்களுக்காகச் செய்த அழகான சுவரொட்டியை அப்படியே பதிவில் ஏற்றிவிட்டால், கட்டுரை படித்தாயிற்று என்று மனிதர் நினைப்பார். தேடுபொறி அதைச் சொற்களாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. இரண்டு, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றாதவரை அந்தக் கட்டுரை தமிழ்த் தேடலில் சிக்காது. 1985 முதல் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வளர்த்துவரும் முத்து நெடுமாறன் இருக்கிற ஊரில் இந்தப் பழுதை இன்னும் பார்க்க நேர்வது எனக்கு எரிச்சல்தான்.

“பார்வை எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை”

அதிகம் ஏமாற்றுவது இந்த அறிகுறிதான். ஏனென்றால் தளத்தின் சொந்தக்காரர் இதைப் பழுதாகவே நினைப்பதில்லை.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஊழியர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி தரும் ஒரு பயிற்றுநரின் தளத்தை எடுத்துக்கொள்வோம். ‘தன்னம்பிக்கையே வெற்றியின் முதல்படி’ என்ற அவருடைய கட்டுரைக்கு மாதந்தோறும் கூட்டம். சர்ச் கன்சோலில் அந்தக் கட்டுரையை மட்டும் தேர்ந்து, எந்தச் சொற்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ‘தன்னம்பிக்கை கட்டுரை’, ‘தன்னம்பிக்கை பொன்மொழிகள்’, ‘தன்னம்பிக்கை பேச்சுப் போட்டி’. நாடுகள் பட்டியலைத் திறந்தால் முதலில் இந்தியா. வந்தவர்கள் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளும் மறுநாள் மேடையேறும் மாணவர்களும். கட்டுரையில் குறையில்லை. பினாங்கில் பதவி உயர்வுக்குத் தவிக்கும் ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியவர் யார்? 1972-இல் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்திறங்கிய நாளிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் பகுதி அது. டெக்னீஷியனாக ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பிக்கிறவர் அங்கே எப்போதும் இருப்பார். அந்த மனிதர் இரவுப் பணி முடிந்து வந்து ‘தன்னம்பிக்கை’ என்று தேடமாட்டார். நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று தேடுவார். ஆகவே தலைப்பு இப்படி மாறவேண்டும்: ‘டெக்னீஷியனிலிருந்து சூப்பர்வைசர்: பினாங்குத் தொழிற்சாலை நேர்முகத் தேர்வில் கேட்பது என்ன?’

தலைப்பு மாறினால் போதாது, உள்ளே சரக்கும் அதற்கேற்ப இருக்கவேண்டும். ஒரு கேள்வியை எடுத்து விளக்குங்கள். “இரவுப் பணியில் இயந்திரம் நின்றுபோனது, பொறியாளர் இல்லை. என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலானோர் இயந்திரத்தைச் சரிசெய்த கதையைச் சொல்வார்கள். கேட்பவருக்கு வேண்டியது அதுவல்ல. யாரிடம் முதலில் தெரிவித்தீர்கள், மற்ற ஆட்களை எந்த வேலைக்குத் திருப்பினீர்கள், காலைப் பணிக்கு வந்தவரிடம் எதை எழுதிக்கொடுத்தீர்கள் என்பதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். டெக்னீஷியன் பதிலுக்கும் சூப்பர்வைசர் பதிலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் காட்டிவிட்டால், படிப்பவருக்கு உங்களிடம் வேலை தெரியும் என்று புரிந்துவிடும். ‘பயிற்சி இலவசமாகப் போய்விடுமே’ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, உங்கள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து பழகுவது வேறு. அவர் பணம் கொடுப்பது இரண்டாவதற்கு.

இந்த மாற்றத்தைச் செய்ததும் பார்வை எண்ணிக்கை சரியும். சரியட்டும். அது நோய் அல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இதே அறிகுறிக்கு மலேசியாவுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்களும் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியில்தான் படித்திருக்கிறோம். வீட்டில் மணிக்கணக்காகத் தமிழ் பேசுகிறவர், கைப்பேசியில் தேடும்போது நேர்முகத் தேர்வுக்கு ‘தெமுடுகா’ என்று மலாய்ச் சொல்லையோ அதன் ஆங்கிலச் சொல்லையோதான் தட்டுகிறார். தேசியப் பள்ளியிலேயே தொடங்கியவர்களில் தமிழ் படிக்கவே வராதவர்களும் பலர். தேடற்சொல் பட்டியலில் ரோமன் எழுத்துச் சொற்கள் தெரிந்தால், சேவையை விளக்கும் ஒரு பக்கத்தையாவது மலாயிலோ ஆங்கிலத்திலோ உங்கள் கையாலேயே எழுதி, பயிற்சி தமிழில் நடக்கும் என்பதையும் அதில் சொல்லுங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டுவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவரின் பக்கத்தில் தடுமாறும் வாக்கியங்கள் இருந்தால் யார் நம்புவார்கள்?

“எல்லாரும் பாராட்டுகிறார்கள், யாரும் அழைப்பதில்லை”

பாராட்டுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். சக பயிற்றுநர்கள், பழைய பள்ளித் தோழர்கள், உறவினர்கள் என்றால் மேலே சொன்னதுதான் பழுது. உண்மையிலேயே உங்களிடம் வரக்கூடியவர்கள் என்றால் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். அநேகமாக இப்படி இருக்கும்:

“ஆகவே அன்பு நெஞ்சங்களே, தோல்வியைக் கண்டு துவளாமல் உழைப்போம், உயர்வோம். வாழ்க வளமுடன்!”

படித்தவர் மனநிறைவோடு பக்கத்தை மூடிவிடுகிறார். இனி அவர் செய்ய ஒன்றும் இல்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ‘முழுப் பயிற்சித் தொகுப்புக்கு இன்றே பதிந்துகொள்ளுங்கள்’ என்று பெரிய தொகையோடு முடிப்பது. முன்பின் தெரியாதவர் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அவ்வளவு தூரம் தாவமாட்டார். அவர் எடுத்துவைக்கக்கூடிய சின்ன அடி ஒன்றைக் காட்டவேண்டும்:

“அடுத்த இரண்டு வாரத்துக்குள் உங்களுக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறதா? பதவியின் பெயரையும் தேதியையும் புலனத்தில் அனுப்புங்கள். அந்தப் பதவிக்குக் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளை அனுப்பிவைக்கிறேன். இதற்குக் கட்டணம் இல்லை.”

இதில் காலக்கெடு இருக்கிறது, அவர் என்ன எழுதவேண்டும் என்பது இருக்கிறது, பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பதும் இருக்கிறது. ‘மேல்விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’ என்பதில் இந்த மூன்றும் இல்லை.

கடைசிப் பத்தி சரியாக இருந்தும் செய்தி வரவில்லை என்றால் சுட்டியைச் சோதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை நேராகத் திறக்கும் சுட்டியில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, கூட்டல் குறியும் முன்னால் வரும் பூச்சியமும் இல்லாமல் எழுதவேண்டும். உங்கள் எண் 012 என்று தொடங்கினால் சுட்டியில் 6012 என்று தொடங்கவேண்டும். பழக்கதோஷத்தில் 012 என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள்; கவனமாக இருக்கிறவர்கள் 60-ஐ முன்னால் சேர்த்துவிட்டுப் பூச்சியத்தை எடுக்காமல் 60012 என்று ஆக்கிவிடுகிறார்கள். இரண்டுமே திறக்காது. உங்கள் கைப்பேசியில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திராத ஒருவரின் கைப்பேசியில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடர்புப் படிவம் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சலின் குப்பை அடைவையும் திறந்து பார்க்கவும். வேர்ட்பிரஸ் தளம் தானாக அனுப்பும் மின்னஞ்சலில் அனுப்புநர் யார் என்பதற்கு முறையான சான்று இல்லாததால், ஜிமெயில் போன்றவை அதை ஒதுக்கிவிடுவது உண்டு. முறையான மின்னஞ்சல் கணக்கு வழியாக (எஸ்.எம்.டி.பி.) அனுப்பும் நீட்சியை, அதாவது பிளக்இன்னை, நிறுவினால் தீரும். உங்களுக்கே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

“அக்கா, எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு மறைந்துவிடுகிறார்கள்

கட்டணத்தை ஒளித்து வைத்திருப்பதன் விளைவு. ‘விலைக்கு உள்பெட்டியில் கேளுங்கள்’ என்பது நம் ஊர் வியாபாரத்தில் ஊறிப்போன பழக்கம். பயிற்சிக்கு அது உதவாது. ஒரு முறை சந்திப்புக்கு எவ்வளவு, தொகுப்பாக எடுத்தால் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று ஒரு பக்கத்தில் ரிங்கிட் கணக்கில் எழுதிவிடுங்கள். கேட்டுவிட்டு மறைகிறவர்கள் பிறகு கேட்கவே வரமாட்டார்கள். வருகிறவர்கள் தொகையைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

தொகை தெரிந்தும், நீங்கள் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிய பிறகு பேச்சு நின்றுபோனால் அது விலைப் பிரச்சினை அல்ல, நம்பிக்கைப் பிரச்சினை. இணைய மோசடிகளால் மக்கள் உஷாராகிவிட்டார்கள். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் போலீஸ் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்த பிறகுதான் பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வலைப்பதிவில் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர் என்றால் அவர்கள் பின்வாங்குவது இயல்பு. தொழில்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்துகொள்ளுங்கள்: அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதியவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவு எண்ணைத் தளத்தின் அடியிலும், அதே பெயரைக் கணக்கிலும் காட்டிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

“வருகிறவர்கள் எனக்குரியவர்கள் அல்ல, குடும்பப் பிரச்சினையோடு வருகிறார்கள்”

நீங்கள் பயன்படுத்தும் சொற்களைப் பாருங்கள். ‘மன அழுத்தத்திலிருந்து விடுதலை’, ‘உறவுச் சிக்கலுக்குத் தீர்வு’, ‘கவுன்சலிங்’ என்றெல்லாம் எழுதினால் அத்தகைய துயரத்தில் இருப்பவர்கள்தான் வருவார்கள். இது வெறும் வியாபாரப் பழுது அல்ல. 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் மலேசியாவில் தம்மை அப்படி அழைத்துக்கொள்ளக் கூடாது. பயிற்றுநர் என்றே எழுதுங்கள். எதைச் செய்யமாட்டீர்கள் என்பதையும் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். அதற்கும் மீறி உடைந்துபோன நிலையில் ஒருவர் செய்தி அனுப்பினால், வாடிக்கையாளர் கிடைத்தார் என்று எண்ணாமல் மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணைக் கொடுங்கள்.

“பயன்பெற்றவர்களின் கதையைப் போட்டேன், அதன்பின் வரத்து குறைந்துவிட்டது”

‘செந்தூலைச் சேர்ந்த, இரண்டு பிள்ளைகளின் தாயான, வங்கி ஊழியர் ஒருவர்’ என்று பெயரை மறைத்து எழுதினேன் என்பார்கள். கோவில் திருவிழாவில் பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரிந்த சமூகத்தில் இது பெயரைப் போட்டதற்குச் சமம். படிக்கும் அடுத்தவர், நாளைக்கு என் கதையும் இங்கே வரும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார். வணிகத்தில் திரட்டப்படும் தனிநபர் விவரங்களுக்கு 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எழுதியதை அவரிடம் காட்டி, எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்கிய பிறகே வெளியிடுங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் ஆளை விட்டுவிட்டு அவர் மாட்டிக்கொண்ட கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் அதுவே கூடுதலாகப் பயன்படும்.

“முன்பு வந்துகொண்டிருந்தார்கள், இப்போது நின்றுவிட்டது”

சர்ச் கன்சோலில் இந்த மூன்று மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். முந்தைய மூன்று மாதத்தோடு அல்ல. கல்வி சார்ந்த பயிற்சி என்றால் பருவம் இருக்கும். எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் நேரத்தில் பெற்றோர் ஓடி வருவார்கள், பிறகு அடங்கிவிடும். அதைப் பழுது என்று எண்ணிக் கைவைக்காதீர்கள்.

சென்ற ஆண்டைவிடவும் இறங்கியிருந்தால் கட்டுரைகள் காலாவதியாகியிருக்கலாம். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ஒழிக்கப்பட்டது, மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022-இல் ஒழிக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் ‘தயாராவது எப்படி’ என்று சொல்லும் பக்கங்கள் இன்னமும் முகப்பில் நிற்கின்றன. பள்ளியாண்டுத் தொடக்கம் 2022-இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது, 2025-இல் பிப்ரவரிக்கு நகர்ந்தது, 2026-இல் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. ‘மார்ச்சில் பள்ளி திறக்குமுன்’ என்ற தலைப்பைப் பார்க்கும் தாய், இவருக்கே நடப்பு தெரியவில்லையே என்று அடுத்தவரிடம் போய்விடுவார். பழைய கட்டுரையை அழிக்கவேண்டாம். அதே முகவரியில் உள்ளடக்கத்தைத் திருத்தி, திருத்திய தேதியைப் போடுங்கள்.

“புலனத்தில் சுட்டியைப் பகிர்ந்தால் யாரும் திறப்பதில்லை”

சுட்டி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பக்க முகவரியில் தமிழ் இருந்தால், ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு சேர்ந்த ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். பார்ப்பவருக்கு அது வைரஸ் போலத் தெரிகிறது. போதாக்குறைக்கு வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதியை 200 குறிகளோடு வெட்டிவிடுவதால் நீண்ட தமிழ்த் தலைப்பு பாதியில் முறிந்து நிற்கும். முகவரியை மட்டும் இரண்டு மூன்று ரோமன் எழுத்துச் சொற்களில் அமையுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே பகிர்ந்த பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்குத் திசைதிருப்பு வைக்க மறக்கவேண்டாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுவிலும் ஆலயக் குழுவிலும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வெறும் சுட்டியைப் போட்டுவிட்டுப் போனால் அது அப்படியே மேலே ஏறிப்போய்விடும். குழுவில் யாராவது கேட்ட கேள்விக்குப் பதிலாக இரண்டு வரி எழுதி, அதன் கீழே சுட்டியைப் போடுங்கள்.

எத்தனை நாள் பார்ப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலைப்பு, கடைசிப் பத்தி, கட்டணப் பக்கம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ஆள் வந்தால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. சுட்டி, படிவம் போன்றவற்றின் பலன் அன்றே தெரியும். கடைசிப் பத்தியை மாற்றினால் அந்தக் கட்டுரைக்கு வழக்கமாக ஒரு மாதத்தில் வருகிறவர்கள் வந்துபோகும்வரை பொறுங்கள். தலைப்பும் உள்ளடக்கமும் மாறினால் கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும். சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி பட்டியலிடும்படி கேட்கலாம். ஒரு முறை கேட்டால் போதும், தினமும் கேட்பதால் அது வேகமாகாது.